சுமையும் சுமைதாங்கியும்: நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயண ஆயத்தத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

வெளிநாட்டுக்கு நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம் செல்ல ஆயத்தமாகும் ஒருவர் எழுதும் பொருட்பட்டியலை வரலாற்று ஆவணமாக வாசிக்க முடியுமா? முடியும் என்று கருதுகிறேன். பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளின் சாலை வரலாற்றை முன்வைத்து அதனை விளக்க முயல்கிறேன். சற்று நீண்ட பதிவு; பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

இன்றைய பட்டியலில் மூவகைச் சுமைகள் உள்ளன. முதலாவது உடலின் சுமை: உடை, உணவு, தண்ணீர், படுக்கை, கூடாரம், மருந்து. இரண்டாவது வண்டியின் சுமை: மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் பொருட்கள், ஆரக்கம்பிகள், பிரேக் கட்டைகள், செயின் இணைப்பு, பம்பு, ஸ்பானர். மூன்றாவது அரசின் சுமை: கடவுச்சீட்டு, விசா, வங்கிக் கணக்கு அறிக்கை, காப்பீடு, பயணத்திட்டம். எடை பார்த்தால் மூன்றாவது சில கிராம்களுக்குமேல் வராது. ஆனால் ஆயத்தக் காலத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது அதுதான்.

முதலிரு சுமைகளைச் சோதித்துப் பார்க்க நம் எல்லைச் சாலைகள் கடுமையான பள்ளிக்கூடங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டையூசி வளைவுகள், போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு, கூடலூரிலிருந்து குமுளி, உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மறையூர். கனமான பொருள்கள் அச்சுக்கு அருகில் தாழ்வாக அமையவேண்டும், இடமும் வலமும் எடை ஒத்திருக்கவேண்டும் என்னும் பாடங்களை முதல் மலையேற்றமே கற்பித்துவிடும். அந்த ஏற்றத்துக்குப் பின் பட்டியலிலிருந்து சில பொருள்கள் தாமாகவே நீங்கிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கோவையிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காட்டுக்கு மிதிப்பவர், சமதரையும் மலையாகக்கூடும் என்பதை அறிந்துகொள்வார்.

எவற்றை எடுத்துச் செல்வது என்ற கேள்வி மிகப் பழையது. புறநானூற்றின் 102-ஆம் பாடலில், உப்பு வணிகரான உமணர் மேட்டிலும் பள்ளத்திலும் செல்லவேண்டிய தம் வண்டியின் அடியில் ஒரு சேம அச்சினைக் கட்டிச்செல்லும் வழக்கம் பதிவாகியுள்ளது. ஔவையார் அதனைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்குகிறார். வண்டியின் சட்டத்தோடு மாற்று ஆரக்கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் இன்றைய பயணி, அறிந்தோ அறியாமலோ, அவ்வுமணர் வழியில் நிற்கிறார். ஆற்றுப்படை நூல்களையும் இக்கோணத்தில் வாசிக்கலாம். மலைபடுகடாம் மலைவழியின் இடர்களைச் சொல்கிறது. எந்த நிலத்தில் எவர் என்ன உணவளிப்பர் என்பதையும் சொல்கிறது. வழியில் கிடைப்பதை முன்னறிந்தவன் மூட்டையில் குறைவாகக் கட்டுவான். ஆற்றுப்படை அவ்வகையில் பயண ஆயத்தத்தின் இலக்கியமும் ஆகும்.

இதிலிருந்து என் மையக் கருத்துக்கு வருகிறேன். பயணியின் மூட்டை எவ்வளவு கனக்கும் என்பதைப் பயணி மட்டும் முடிவுசெய்வதில்லை. வழியில் அவருக்காக என்ன காத்திருக்கிறது என்பதும் முடிவுசெய்கிறது. ஆகவே சுமையின் வரலாறு என்பது வழிகளின் வரலாறு. அவ்வழிகள் யாருக்குத் திறந்திருந்தன என்பதன் வரலாறும்கூட.

மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே 30 கிலோமீட்டருக்குக் குறையாத அகலத்தில் அமைந்த பாலக்காட்டுக் கணவாய், கொங்கு நாட்டையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்த இயற்கை வாயில். கோவைக்கு மேற்கே மலையடிவாரத்திலுள்ள இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு, அரசன் பெயரால் இங்கு ஒரு பெருவழி அமைந்திருந்ததற்குச் சான்று. சென்னையிலிருந்து பேப்பூர் வரையிலான இருப்புப்பாதை 1862-இல் நிறைவுறும்வரை, இக்கணவாயின் சரக்குப் போக்குவரத்தைப் பொதிமாடுகளும் வண்டிகளும் தலைச்சுமையாளரும் தாங்கினர்.

அவ்வழிகளின் ஓரத்தில் நின்றவை சுமைதாங்கிக் கற்கள். இரு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் தோளுயரத்தில் ஒரு பலகைக்கல்லைக் கிடத்திய எளிய அமைப்பு. தலைச்சுமையோடு வருபவர் பிறர் துணையின்றித் தாமே சுமையை இறக்கிவைத்து, இளைப்பாறி, மீண்டும் தாமே ஏற்றிக்கொள்ள அது உதவியது. தமிழகத்தில் கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கம் இருந்தது. இறக்கிவைக்க முடியாமற்போன ஒரு சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர் எவரும் தம் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம். மலையாளத்தில் இதற்கு அத்தாணி என்று பெயர். கேரளத்தில் அப்பெயரிலேயே ஊர்கள் உள்ளன.

சத்திரமும் தண்ணீர்ப்பந்தலும் ஊட்டுப்புரையும் இவ்வாறே மூட்டையின் எடையைக் குறைத்தவை. ஆனால் யாருடைய மூட்டையை? திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவிலில் ஆறாண்டுக்கு ஒருமுறை நிகழும் முறைஜபத்துக்குச் சென்ற பிராமணர்க்கு வழிநெடுக ஊட்டுப்புரைகளில் இலவச உணவு கிடைத்தது. அவர்கள் அரிசி சுமக்க வேண்டியிருக்கவில்லை. அதே வழியில் சென்ற பிறருக்கு அவ்வசதி இல்லை; சிலருக்கு அவ்வழியே இல்லை. மூட்டை இலேசாக இருப்பது அக்காலத்தில் ஒரு சமூகத் தகுதி.

இடுக்கி எல்லையில் சுமையின் வரலாறு வேறொரு வடிவம் கொள்கிறது. முதுவர் பழங்குடியினரின் மரபுக் கதைகள், அவர்கள் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று கூறுகின்றன. குழந்தைகளை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்ற பெயர் வந்ததாக வழங்கும் விளக்கத்தை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளிவந்த தம் தொகுதிகளில் குறித்துள்ளார். சொற்பிறப்பு ஏற்கத்தக்கதா என்பது தனி விவாதம். ஒரு மக்கள்கூட்டம் தன் பெயரையே தான் சுமந்ததன் நினைவாக விளங்கிக்கொண்டது என்பதே இங்கு நமக்கு முக்கியம்.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றபின், மலையேறும் வழிகளில் வேறுவகைப் பயணிகள் தோன்றினர். கங்காணிகள் முன்பணம் கொடுத்துத் திரட்டிய தென்தமிழகத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள், ஓர் அரசின் எல்லையிலிருந்து மற்றோர் அரசின் எல்லைக்குள், அவர்கள் கடவுச்சீட்டின்றி நுழைந்தனர். அவர்கள் கொண்டுசென்ற ஆவணம் கங்காணியின் கணக்கில் எழுதப்பட்ட கடன். மலைக்குளிருக்கு வேண்டிய கம்பளியும் தோட்டங்களில் கடன்கணக்கில் ஏறும் பொருளாக இருந்தது.

அதே மலையில் தேயிலைப் பெட்டிகள் பயணம் செய்த விதத்தோடு இதனை ஒப்பிட வேண்டும். மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே 1902-இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதையும், 1908-இல் நீராவி இஞ்சின் ஓடும் குறுகிய இருப்புப்பாதையும் அமைந்தன. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிய பெட்டிகள் போடிநாயக்கனூர் வழியாகச் சமவெளிக்கும், அங்கிருந்து துறைமுகத்துக்கும் சென்றன. சரக்கின் வெளிநாட்டுப் பயணத்துக்கான ஆயத்தம் அத்தனை நுட்பமாகச் செய்யப்பட்டிருந்தது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விருப்புப்பாதையை அழித்தது.

இனி மிதிவண்டிக்கு வருவோம். 1884 முதல் 1886 வரை உயர்சக்கர மிதிவண்டியில் உலகைச் சுற்றிய தாமஸ் ஸ்டீவன்ஸ், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டபோது எடுத்துச் சென்றவை காலுறைகள், ஒரு மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்பட்ட ஒரு மழையங்கி, ஒரு கைத்துப்பாக்கி. ஆப்கானிஸ்தானில் தடுத்துத் திருப்பியனுப்பப்பட்ட அவர், கப்பலில் கராச்சிக்கு வந்து, லாகூரிலிருந்து கல்கத்தா வரை மிதித்தார். அவ்வளவு சிறிய மூட்டை போதுமாக இருந்ததற்கு அவருடைய துணிவு மட்டும் காரணமன்று. அவர் பயணத்தின் பெரும்பகுதியில், வெள்ளையரான ஒரு பயணிக்குத் தூதரகங்களும் முகாம்களும் கதவு திறந்தன. துப்பாக்கியைத் தடையின்றி எடுத்துச் செல்ல முடிந்ததும் அதன் ஒரு பகுதிதான்.

இந்தியரின் முயற்சி நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வருகிறது. 1923 அக்டோபர் 15 அன்று பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் அறுவர் மிதிவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அவர்களில் அதி ஹக்கீம், ஜால் பாப்பாசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவரே முழுச் சுற்றையும் முடித்து 1928 மார்ச்சில் திரும்பினர். கடந்த தொலைவு ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர். சில்ஹெட்டின் பனியாசங் ஊரில் பிறந்த ராம்நாத் பிஸ்வாஸ் 1931 ஜூலை 7 அன்று சிங்கப்பூரிலிருந்து தனியே புறப்பட்டார். ஒரு சோடி செருப்பு, இரு போர்வைகள், பழுதுபார்க்கும் கருவிகள் அடங்கிய ஒரு பெட்டி: இவையே அவருடைய மூட்டை. வண்டியில் தாம் உலகம் சுற்றும் இந்துப் பயணி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். சிங்கப்பூர்வாழ் இந்தியர் அவரை வழியனுப்பினர். ஆசியத் துறைமுக நகரங்களில் பரவியிருந்த புலம்பெயர் இந்தியச் சமூகங்களே அக்காலப் பயணிக்குச் சத்திரங்களாக இருந்தன என்று கருத இடமுண்டு. அச்சமூகங்களில் பெரும்பகுதி உழைப்பாளர்களாகக் கப்பலேறியவர்களும் அவர்தம் மக்களுமே.

இங்கு 1924-ஆம் ஆண்டினை ஒரு குறுக்குவெட்டாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். பம்பாய் இளைஞர்கள் மேற்கு ஆசியப் பாலைவனங்களைக் கடந்துகொண்டிருந்த காலம் அது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் வைக்கத்தில், கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்கான சத்தியாகிரகம் தொடங்கியது. ஆகஸ்டில், கோவையைச் சேர்ந்த ஆர். வீரையன், பொதுச்சாலைகளை ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்தும் உரிமைக்கான தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். நவம்பரில் பாலக்காட்டின் கல்பாத்தியில், தேர்த் திருவிழாவின்போது அக்ரகாரத் தெருக்களில் ஈழவர் நுழைவது தடுக்கப்பட்டது. அச்செய்தி சட்டமன்ற விவாதமாயிற்று. ஓர் இந்தியர் பாரசீகத்தையும் ஈராக்கையும் மிதிவண்டியில் கடக்க முடிந்த ஆண்டில், மற்றோர் இந்தியர் தம் ஊரின் பொதுத்தெருவில் நடக்க முடியவில்லை. நெடும்பயண வரலாறுகளை வீரக் கதைகளாக மட்டும் எழுதும்போது இக்குறுக்குவெட்டு மறைந்துபோகிறது.

மூன்றாவது சுமையான ஆவணத்தின் வரலாறும் இதே பத்தாண்டுகளில் உருப்பெற்றது. 1908-இல் கனடா அரசு, குடியேற வருவோர் தம் நாட்டிலிருந்து இடைநிற்காத தொடர்பயணமாக வரவேண்டும் என்று விதித்தது. இந்தியாவிலிருந்து அத்தகைய நேரடிக் கப்பல் வசதி இல்லாததால், இந்தியரின் பெயரைச் சொல்லாமலே இந்தியரைத் தடுத்த விதி அது. 1914-இல் 376 பயணிகளுடன் வான்கூவரை அடைந்த கோமகட்டா மாரு கப்பல் திருப்பியனுப்பப்பட்டதை அனைவரும் அறிவோம். இந்தியரின் இப்புலம்பெயர்வைக் கட்டுப்படுத்தும் முயற்சியினூடாகவே நவீனக் கடவுச்சீட்டு முறை உருவாயிற்று என்பது ராதிகா மோங்கியா முன்வைத்த வாதம். போர்க்காலக் கட்டுப்பாடுகளைத் தொடர்ந்து 1920-இல் இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. 1922-ஆம் ஆண்டின் புலம்பெயர்வுச் சட்டம், கூலி வேலைக்காகக் கடல்வழி வெளியேறுவதையே புலம்பெயர்வு என்று வரையறுத்து ஒழுங்குபடுத்தியது. ஆக, ஓராண்டுக்குப் பின் புறப்பட்ட பம்பாய் இளைஞர்கள் சட்டத்தின் பார்வையில் பயணிகள். மண்டபம் முகாம் வழியாக இலங்கைக்குச் சென்ற தோட்டத் தொழிலாளியோ புலம்பெயர்வோர். ஒருவருடைய மூட்டையில் இருந்தது ஆர்வம், மற்றவருடைய மூட்டையில் இருந்தது உழைப்பு என்று அரசு முன்கூட்டியே வகைப்படுத்திவிட்டது.

விடுதலைக்குப் பின்னும் கடவுச்சீட்டு அரசின் விருப்பத்துக்குட்பட்ட சலுகையாகவே கருதப்பட்டது. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில்தான், வெளிநாடு செல்லும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் தனிமனித விடுதலையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமை கிடைத்தபோதும் அந்நியச் செலாவணி கிடைக்கவில்லை. 1960-களின் பிற்பகுதியில் எட்டு டாலருடன் விமானமேறியவர்களின் நினைவுகள் பல குடும்பங்களில் இன்றும் பேசப்படுகின்றன.

இத்தடைகளுக்கு நடுவே நிகழ்ந்த இரு பயணங்கள் என் வாதத்துக்கு வலுச்சேர்க்கின்றன. 1962-இல் சதீஷ் குமாரும் கேரளத்தவரான இ. பி. மேனனும் அணு ஆயுத எதிர்ப்புக்காக டெல்லியிலிருந்து மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் நோக்கி நடைப்பயணம் புறப்பட்டனர். வினோபா பாவேயின் அறிவுரைப்படி அவர்கள் பணம் எடுத்துச் செல்லவில்லை. 1977-இல் ஒடிசாவைச் சேர்ந்த தலித் ஓவியரான பிரத்யும்ன குமார் மஹானந்தியா, பழைய மிதிவண்டி ஒன்றில் டெல்லியிலிருந்து ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி வழியாக ஐரோப்பாவை அடைந்தார். வழியில் உருவப்படங்கள் வரைந்தே உணவும் தங்குமிடமும் பெற்றார். முன்னவர்கள் வழியில் சந்திக்கும் மனிதர்களை நம்பி மூட்டையைக் குறைத்தனர். பின்னவர் தம் கைத்தொழிலை நம்பிக் குறைத்தார். மூன்றாண்டுகளுக்குள் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையெடுப்பும் அத்தரைவழியை முறித்தன.

இன்றைய நிலை என்ன? கருவிகள் இலேசாகிவிட்டன, கூடாரம் இரண்டு கிலோவுக்குள் அடங்குகிறது, வரைபடம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. ஆவணமோ கனத்துள்ளது. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவை எடுத்துக்கொள்வோம். பயணத் தேதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்னதாக விண்ணப்பிக்க முடியாது. பொதுவாகத் தாம் வசிக்கும் நாட்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும், தங்குமிட விவரமும், வங்கிக் கணக்கு அறிக்கையும் வேண்டும். 180 நாட்களில் 90 நாட்களுக்கு மேல் தங்க இயலாது. நாளொன்றுக்கு 75 கிலோமீட்டர் மிதிப்பவருக்கு 15,000 கிலோமீட்டர் கடக்க ஓய்வின்றி 200 நாட்கள் ஆகும். அதாவது, ஊரிலிருந்து தரைவழியே புறப்படுபவர் ஐரோப்பிய எல்லையை அடையுமுன் அவ்விண்ணப்பக் காலமே கடந்துவிடும். இவ்விதிகள் விமானத்தில் சென்று விமானத்தில் திரும்பும் பயணியை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. 1908-இன் தொடர்பயண விதியோடு இவற்றுக்கு நோக்கத்தில் வேறுபாடு உண்டு. ஆயினும் நின்று நின்று செல்லும் பயணியை ஐயத்தோடு பார்க்கும் மரபு தொடர்வதாகவே தோன்றுகிறது.

உள்நாட்டு வகைப்படுத்தலும் முற்றாக மறையவில்லை. 1983-ஆம் ஆண்டுப் புலம்பெயர்வுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவர், அறிவிக்கப்பட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் தனி அனுமதி பெறவேண்டும். சுரண்டலிலிருந்து காப்பதே இதன் நோக்கம். அத்தேவையையும் மறுக்க இயலாது. ஆனால் கடவுச்சீட்டிலேயே கல்வித்தகுதி சார்ந்த ஒரு கோடு விழுகிறது என்பதைச் சமூக வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டும். மூணாற்றிலோ வால்பாறையிலோ தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வளர்ந்து, கல்லூரியில் பயின்று, மிதிவண்டியில் உலகைக் காண விரும்பும் ஓர் இளைஞரை அல்லது இளம்பெண்ணை எண்ணிப் பாருங்கள். மலைச்சாலையில் சுமையோடு மிதிக்கும் உடல்வலிமை அவருக்குப் பிறரைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் பட்டியலில் அவரால் நிரப்ப முடியாத வரி வங்கிக் கணக்கு அறிக்கையாகத்தான் இருக்கும். மலையேறிய தலைமுறை கங்காணியின் கணக்கேட்டைச் சுமந்தது. இத்தலைமுறையிடம் வேறொரு கணக்கேடு கேட்கப்படுகிறது.

இப்பகுதியில் ஆய்வு செய்யும் மாணவர்களிடம் இரு வேண்டுகோள்கள். முதலாவது, வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், போடி, கம்பம், குமுளி வழிகளில் இன்னும் எஞ்சியிருக்கும் சுமைதாங்கிகளையும் சத்திரங்களையும் இடக்குறிப்போடும் ஒளிப்படத்தோடும் பதிவுசெய்யுங்கள். சாலை அகலப்படுத்தும்போது முதலில் நீங்குபவை இவையே. கல்வெட்டு இருந்தால் அதன் வாசகத்தை உடனே படியெடுத்துவிடுங்கள். இரண்டாவது, தோட்டக் குடும்பங்களின் மூத்தோரிடம் மலையேறி வந்த நாளில் எவற்றைக் கட்டி எடுத்துவந்தனர் என்று கேளுங்கள். பாத்திரம், விதை, சாமிப்படம், கம்பளி என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொரு பொருளும் ஓர் ஆவணம். பயண வரலாற்றை எழுத, நூல் எழுதியவர்களின் மூட்டைகள் மட்டும் போதா.

கணவாயைக் கடந்து கொச்சி நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 544-இல், நெடும்பாசேரி விமான நிலையத்தை ஒட்டிய சந்திப்பின் பெயர் அத்தாணி. மிதிவண்டியைக் கழற்றி அட்டைப்பெட்டியில் அடைத்து, விமான நிறுவனம் அனுமதிக்கும் 23 அல்லது 30 கிலோவுக்குள் அதனை ஒடுக்கி எடுத்துச் செல்லும் பாலக்காட்டுப் பயணி அவ்வூரின் வழியாகத்தான் செல்கிறார். பிறர் துணையின்றித் தன் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம் என்பது அப்பெயரின் பொருள். அதனை அடுத்து அமைந்திருக்கும் குடியேற்றச் சோதனை வரிசையில் அவ்வாறு இறக்கிவைக்க முடிபவர் யார், முடியாதவர் யார் என்பதை ஆராய்வது நம் துறையின் வேலை.

மாற்றுத் தரவுகளும் கள அனுபவங்களும் உள்ள நண்பர்கள் பின்னூட்டத்தில் பகிர்ந்தால் விவாதத்தைத் தொடரலாம்.